நாற்காலியிடம் தோற்றவன்

சீட்டாட்டத்தில் தோற்பது ஒன்றும் கேவலமில்லை. தம்பியிடம் தோற்கலாம், மேலதிகாரியிடம் தோற்கலாம் (தோற்றே ஆகவேண்டும்). நான் ஒரு காலி நாற்காலியிடம் தோற்றேன். அதுவும் பெண் கேட்கப் போன இடத்தில்.

நாடு சுதந்திரம் அடைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பாம்பனில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். மாதா கோயில் பாட்டுக் குழுவில் பிலோமியைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள், அதோடு என் நிம்மதி போயிற்று. அவளுடைய அப்பா சவரிமுத்து மாமா கொழும்புக் கப்பல்களில் சமையல்காரராக இருந்துவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தவர். அவரிடம் பெண் கேட்டு எனக்கு முன்னால் வந்தவர்களெல்லாம் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள்.

காரணம், பிலோமியின் தாய்மாமன் அந்தோணி. தாய்மாமன் சம்மதித்து மாலை எடுத்துக் கொடுக்காமல் அந்த வீட்டில் கல்யாணம் கிடையாது. அந்த அந்தோணியோ ஒருநாள் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. வள்ளம் மட்டும் தானாக வந்து கரை தட்டியது. பாய் ஒழுங்காகச் சுருட்டியிருந்தது. கட்டிக் கொடுத்த சோறு தூக்குச் சட்டியில் தொடாமல் இருந்தது. உடல் ஒதுங்கவே இல்லை. உடல் கிடைக்காதவனைச் செத்தவன் என்று சொல்ல அவருடைய அக்காவுக்கு, அதாவது பிலோமியின் அம்மாவுக்கு, மனசு வரவில்லை. இறந்தோர் பூசையும் வைக்கவில்லை. பெண் கேட்டு யார் வந்தாலும், அந்தோணி வரட்டும் பேசுவோம் என்பதுதான் பதில்.

கோயில் உபதேசியார்தான் எனக்கு வழி சொன்னார். மாமாவுக்குச் சீட்டு என்றால் உயிராம், எதிரில் உட்கார்ந்து ஆடினால் இளகிவிடுவாராம். எனக்கு வாயெல்லாம் பல். முந்நூற்று நாலு ஆட்டத்தில் நான் பெரிய புலி. (அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தவனும் நான் ஒருவன்தான்.)

ஐப்பசி மாதத்து மத்தியானம். மழை மூட்டத்தில் பட்டப்பகலிலேயே விளக்கு ஏற்றியிருந்தார்கள். மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலிகள். ஒன்றின் முதுகில் துவைத்து மடித்த ஆண்பிள்ளைச் சட்டை கிடந்தது. நான் அதில் உட்காரப் போனேன்.

"அங்கன வேண்டாம் தம்பி. அது அந்தோணி மச்சான் உக்கார்ற எடம்" என்றார் மாமா, சர்வ சாதாரணமாக.

அப்படியே திரும்பி ஓடியிருக்கலாம். கதவோரம் பிலோமி நின்றதால் உட்கார்ந்துவிட்டேன்.

கப்பலில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த ஆட்டமாம், பெயர் போக்கர். தெரியுமா என்று கேட்டார். தெரியும் தெரியும் என்று தலையாட்டிவிட்டேன். இருந்தாலும் பொறுமையாக விளக்கினார். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாததைப் போட்டுவிட்டு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். ஒரே மாதிரி இரண்டு வந்தால் ஜோடி, மூன்று வந்தால் அதைவிடப் பெரிசு, வரிசையாக வந்தால் இன்னும் பெரிசு, ஐந்தும் ஒரே சாதியாக, எல்லாம் ஆர்ட்டினாகவோ எல்லாம் கிளாவராகவோ வந்தால் அதற்கும் மேலே. பயந்தவன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். கையில் ஒன்றுமில்லாதவனும் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களை ஓட்டலாம். இதெல்லாம் அவர் சொன்னார் என்பது பின்னால் யோசித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்த நேரத்தில் நான் கதவோரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்தயத்துக்குப் புளியங்கொட்டை. மூன்று குவியல். மாமா எனக்குப் போட்டார், தனக்குப் போட்டார், அந்த நாற்காலிக்கும் ஐந்து சீட்டு போட்டார். அதன் முறை வந்தபோது தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். "இருக்கேங்கிறான்" என்று சொல்லி, அதன் குவியலிலிருந்து புளியங்கொட்டையை நகர்த்தினார். அந்த வீட்டில் அந்தோணி ஒருநாளும் ஒதுங்கியதில்லையாம்.

நான் என் சீட்டை விரித்தேன். ஆர்ட்டின் ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து! கூடவே எதற்கோ ஒரு கிளாவர் மூன்று. முந்நூற்று நாலு ஆடுகிறவர்களுக்கு இது என்னவென்று தெரியும். ஜாக்கிதான் தலை, அடுத்தது ஒன்பது. நாலு சீட்டைப் பார்த்ததுமே கேள்வி கேட்கிற, அதாவது பந்தயம் கூறுகிற ஆட்டம் அது. இரண்டிலிருந்து ஆறு வரை உள்ளதைச் சீட்டென்றே மதிக்காமல் முதலிலேயே பொறுக்கி எறிந்துவிடுவோம். கை நிறைய ராஜயோகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நான் நினைத்தேன். சீட்டு மாற்றவேண்டுமா என்று மாமா கேட்டார். ஒன்றுகூட வேண்டாம் என்றேன். அவர் முகம் மாறியது; ஐந்தும் அமைந்தவன்தான் ஒன்றையும் மாற்றமாட்டானாம்.

மாமா ஏற்றினார், நான் ஏற்றினேன், நாற்காலியும் ஏற்றியது. என் புளியங்கொட்டை தீர்ந்தது. இனி என்ன வைப்பாய் என்று கேட்டார் மாமா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"என்னையே வைக்கிறேன் மாமா" என்றேன்.

மாமா என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்தார். மிச்சம் நானும் நாற்காலியும்தான். அதன் சீட்டை அவர் தொடமாட்டாராம், என்னையே திருப்பச் சொன்னார். திருப்பினேன். சீட்டெல்லாம் ஈரமாக இருந்தன. சாரல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

உள்ளே இருந்தது ஒரு ஜோடி. இரண்டு, இரண்டு. நாங்கள் பொறுக்கி எறிகிற இரண்டு. நான் கெக்கலி கொட்டிச் சிரித்து என் சீட்டைப் பரப்பினேன். மாமா சிரிக்கவில்லை. தன் சீட்டைக் காட்டினார். மூன்று ராணி.

"கையில ஒரு ஜோடிகூட இல்லாம இம்புட்டுப் பெரிய பொய்ய மூஞ்சில ஒட்டிக்கிட்டு இருந்திருக்க. ஒன்னைய நம்பி எப்படிலே பொண்ணக் குடுக்கிறது?"

பொய்யன் என்று பெயரெடுத்தால் பிலோமி கிடையாது. முட்டாள் என்று ஒப்புக்கொண்டாலும் கிடையாதோ என்னவோ. முட்டாளாகவே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். போக்கர் எனக்குத் தெரியாது, எங்கள் ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிசு, ஜெயிப்பதாக நினைத்துத்தான் சிரித்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா நம்பவில்லை. அப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் அத்தை, பிலோமியின் அம்மா, அடுப்படியிலிருந்து வந்தார். நாற்காலியின் ஈரச் சீட்டுகளை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"இவரு தன்னையவே வச்சாரு. ஜெயிச்சது என் தம்பி. சம்மதமில்லாதவன் எதுக்கு ஜெயிக்கிறான்? ஜெயிச்சத வீட்டுக்குள்ள விடாம இருக்கமுடியுமா?"

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே காற்று நின்றுவிட்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சட்டையின் கை மட்டும் லேசாக ஆடியது.

"சரிங்கிறான்" என்றார் மாமா.

கல்யாணத்தன்று மாலையை அந்த நாற்காலியின் மேல் வைத்து எடுத்தார்கள். மறுவாரம் அந்தோணிக்கு இறந்தோர் பூசை வைத்தார்கள். அத்தை அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் அந்தோணியின் சொத்து. வெளியூருக்கு மாற்றல் வந்தால் சொந்தக்காரரிடம் உத்தரவு கேட்டீர்களா என்பார்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் கடற்கரைக்குப் போகும்போதெல்லாம், "அய்யா, தண்ணில கால வச்சிராதீக, அந்தோணித் தாத்தா வந்து தன் பொருளக் கேட்டுருவாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பேரன்களும் இப்போது அதையே சொல்கிறார்கள். நானும் சிரிப்பேன்.

பிலோமி சிரிப்பதில்லை. கரையில் நடக்கும்போது கடல் பக்கமாக என்னை அவள் இன்றுவரை விட்டதே இல்லை.