சார்ஜ் போட்ட காது

கல்யாணமான புதிதில் ஆண்களுக்கு ஒரு வியாதி வரும். சொந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றத் தெரியாதவன்கூட மாமனார் வீட்டைச் சீர்திருத்தக் கிளம்பிவிடுவான். பீரோ ஏன் தெற்கே பார்த்து நிற்கிறது, மோட்டார் கொட்டகை ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது, காபிக்கு ஏன் இத்தனை சர்க்கரை என்று போகிற இடமெல்லாம் குற்றப்பத்திரிகை வாசிப்பான். பெரும்பாலானவர்களுக்கு ஒரு தீபாவளி போனால் இறங்கிவிடும். எனக்கு இறங்கவில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். (பிரிண்டரில் பேப்பர் சிக்கிக்கொண்டால் உருவி எடுப்பதுதான் முக்கியமான வேலை.) ஆனால் மாமனார் ஊரில் நான் ‘கம்ப்யூட்டர் படிச்சவரு’. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில், கரும்புக்கும் மரவள்ளிக்கும் நடுவில் இருக்கிற ஊர். அங்கே யார் வீட்டில் டிவி தெரியாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் ஒயரை ஆட்டுவேன். தானாக ஒருநாள் படம் வரும். பெயர் எனக்கு.

மாமனாருக்குக் காது மந்தம். சட்டைப் பையில் ஒரு சின்ன டப்பா, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். ‘காது மிசினு’ என்பார். அதோடு நின்றால் பரவாயில்லை. கட்டில் தலைமாட்டில் ரேடியோ, கால்மாட்டில் டார்ச், ஜன்னலில் அலாரம் கடிகாரம், பேப்பர் படிக்க லைட் வைத்த பூதக்கண்ணாடி, கரும்பு லோடு கணக்குப் போட கால்குலேட்டர். ஆறு சாமான், அத்தனைக்கும் தனித்தனி பேட்டரி. பேட்டரிகளை வெயிலில் காயவைத்து, ரேடியோவிலிருந்து டார்ச்சுக்கும் டார்ச்சிலிருந்து கடிகாரத்துக்கும் மாற்றிக்கொண்டே இருப்பார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும்.

“எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே போன் போதும்” என்று ஒருநாள் அறிவித்தேன்.

என் மனைவி வனிதா மெதுவாகச் சொன்னாள்: “அவரு பாட்டுக்குக் கீறாரு. வுட்டுடுங்களேன்.”

விடுகிறவனா நான்? எந்தப் போன் என்று தேர்ந்தெடுக்க மட்டும் ஒரு மாதம் செலவழித்தேன். யாரோ யாரோ பெட்டி பிரித்துக் காட்டுகிற வீடியோக்களைச் சோறு தின்னும்போதுகூடப் பார்த்தேன். கள்ளக்குறிச்சிக் கடையில், விற்கிற பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். டார்ச் வெளிச்சம் வரப்பு வரைக்கும் அடிக்குமா? எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுமா? காது கேளாதவர்களுக்குச் சத்தத்தைக் கூட்டித் தருமா? எல்லாவற்றுக்கும் அவள், “வரும் சார்” என்றாள். மரவள்ளிக் கிழங்கு பிடுங்குமா என்று கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

காதில் செருகிக்கொள்கிற, ஒயர் இல்லாத இரண்டு குமிழ்களையும் சேர்த்து வாங்கினேன். விஷயம் இதுதான்: போன் தன்னைச் சுற்றிக் கேட்கிற சத்தத்தைப் பெரிதாக்கிக் காதிலிருக்கும் குமிழுக்கு அனுப்பும். மாமனார் சட்டைப் பையில் போன், காதில் குமிழ். ஒயர் கிடையாது, டப்பா கிடையாது. மாட்டிவிட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“கணீர்னு கேக்குது மாப்ள!”

அந்தச் சந்தோஷத்தோடு ஆறு சாமான்களையும் ஒரு கோணிப்பையில் கட்டினேன். அங்கேயே வைத்தால் மனிதர் பழையபடி பேட்டரி காயவைக்கப் போய்விடுவார் என்று, பைக்கில் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்து எங்கள் பரணில் போட்டேன்.

மறுவாரமே மாமனார் ஒரு புகார் சொன்னார்.

“மாப்ள, மாடு கிட்ட போனா கடுகு வெடிக்கிற சத்தம் வருது.”

“மாட்டுக்கிட்டயா?”

“ஆமாங்க. கொட்டாயில நிக்கறேன், மாடு தாளிக்குது.”

போனை அடுப்பங்கரை அலமாரியில் மறந்து வைத்துவிட்டுக் காதுக் குமிழோடு மாட்டுக் கொட்டகைக்குப் போயிருக்கிறார். மாமியார் குழம்பு தாளித்தது அவருக்கு மாட்டின் வாயிலிருந்து வந்திருக்கிறது. “போன் எங்க இருக்கோ அங்க நடக்கறதுதான் கேக்கும் மாமா. பையிலேயே வச்சுக்கங்க” என்று, வகுப்பில் சொல்வதுபோல் இரண்டு முறை சொன்னேன். அதை நான் ஒரு முறையாவது என் மண்டையில் ஏற்றிக்கொண்டிருக்கலாம்.

இந்தச் சமயத்தில்தான் வனிதாவின் தங்கை சுகந்திக்கு ஒரு வரன் வந்தது. வந்தது என்ன, நான்தான் கொண்டுவந்தேன். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாருக்குச் சின்னசேலத்தில் ஒன்றுவிட்ட தம்பி. சுகந்தி கள்ளக்குறிச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய் வருவாள். ஆனால் அந்த வேலையென்றால் அவளுக்கு உயிர். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “கல்யாணத்துக்கப்புறமும் நான் வேலைக்கிப் போவணும் மாமா. அத மட்டும் தெளிவா பேசிடுங்க.”

“அதெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்றேன். (நான் இந்த வாக்கியத்தைச் சொன்ன காரியம் எதுவும் இதுவரை ஒழுங்காக முடிந்ததில்லை.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்க வேன் வந்தது. உள்ளே துண்டு, சோப்பு, மாற்றுத்துணி, புளிசாத டப்பா எல்லாம் இருந்தன. பெண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே மலையேறி அருவியில் குளித்துவிட்டுப் போவதாகத் திட்டம். வேனைப் பார்த்ததும் மாமியார் முகம் கொஞ்சம் சுருங்கியது.

அவர்கள் வருவதற்குச் சற்று முன் மாமனார் என்னிடம், “மாப்ள, காது மங்கிக்கினே வருது” என்றார். காலையிலிருந்து போனில் ரேடியோ கேட்டிருக்கிறார்; சார்ஜ் இறங்கிவிட்டது. கூடத்திலிருந்த ஒரே பிளக்கில் விருந்தாளிகளுக்காகக் கொண்டுவந்த பெரிய மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் பக்கத்து உள்ளறையில், கட்டிலுக்குப் பின்னால் போனைச் சார்ஜில் போட்டேன். “பத்து நிமிஷம் மாமா. அதுவரைக்கும் நீங்க சிரிச்சுக்கிட்டு உக்காருங்க, நான் பேசிக்கறேன்.” அதற்குள் வேன் சத்தம். போனை அதோடு மறந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா வாய் நிறைய வெற்றிலை போட்டிருந்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் பேசுகிற பொறுப்பு அவர் மனைவிக்கு. சுகந்தி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும், நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேலை விஷயத்தை எடுத்தேன்.

“தாராளமா போவட்டுங்க” என்றார் அந்த அம்மா. “பொண்ணுங்க சம்பாதிக்கிறது நல்லதுதான?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாமனார் காதிலிருந்து ஒரு குமிழைக் கழற்றி, “மாமா! வேலைக்குப் போகலாமாம்!” என்று கத்தினேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார். குமிழை நானே பத்திரமாக மறுபடி செருகிவிட்டேன்.

“நாங்க கொஞ்சம் தனியா பேசிட்டு வந்துடறோம்” என்று எழுந்தார் அந்த அம்மா. மாப்பிள்ளையும், கூட வந்திருந்த அவன் சித்தியும் எழுந்தார்கள். உள்ளறையைக் காட்டி, ஃபேன் போட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். கூடத்தில் மாப்பிள்ளையின் அப்பாவும் என் மாமனாரும் எதிரெதிரே. அவர் மென்றுகொண்டிருந்தார். இவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று மாமனார் அவரைப் பார்த்துச் சொன்னார்: “ஆமாங்க. இன்னிக்கி பாலு கொஞ்சம் கம்மிதான். காபி தண்ணியாப் போச்சி.”

அவர் திடுக்கிட்டுத் தம்ளரைப் பார்த்தார். மாமியார் மாமனாரை முறைத்தார்.

சற்றுக் கழித்து மாமனார் மறுபடி, “நெறம் எங்க அம்மா நெறங்க. வெயில்ல பஸ்ஸுக்கு வேற நிக்கறா பாருங்க” என்றார். வெற்றிலை மெல்லுவது நின்றது.

அடுத்து மாமனார் என் பக்கம் திரும்பி, ஒரு பரிதாபச் சிரிப்போடு எதிரே இருந்தவரிடம் சொன்னார்: “அது வாஸ்தவந்தாங்க. பெரிய மாப்ளைக்கி வாயி ஜாஸ்தி, விசயம் கம்மி. ஆனா கெட்டவரு இல்ல. வுட்டுடுங்க.”

நான் வனிதாவின் காதில், “உங்கப்பாவுக்கு என்னடி ஆச்சு? என்னென்னமோ உளறாரு” என்றேன்.

“எனக்கென்னவோ இன்னிக்கிதான் சரியாப் பேசறாருன்னு தோணுது” என்றாள் அவள்.

அப்போது மாமனார் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இன்னாது? மூணு மாசத்துல வேலைய வுட வச்சிடலாமா? இப்பதானயா வேலைக்கிப் போவட்டும்னு சொன்னீங்க? ஆளு வச்சிக்க மாட்டீங்க, எம் பொண்ணு வந்துதான் உங்க வூட்டு மாட்டுக்குப் புல்லு அறுக்கணுமா?”

மாப்பிள்ளையின் அப்பா இரண்டு கையையும் தூக்கிவிட்டார். வெற்றிலைச் சாறு சட்டையில் வழிய, அன்றைக்கு அவர் பேசிய முதல் வார்த்தை வெளியே வந்தது: “நான் ஒண்ணுமே சொல்லலைங்களே!”

எனக்குச் சார்ஜர் ஞாபகம் வந்தது. உள்ளறையில் பேசுவதெல்லாம் மாமனார் காதில்! உள்ளறைக்கு ஓடலாமென்றால் கதவைச் சாத்தியவன் நான்; அதை எப்படித் திறப்பது? மாமனார் காதிலிருந்து குமிழைப் பிடுங்கலாமென்று கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். பிறகு முழுக் குரலில் பதில் சொன்னார்:

“நல்லா கேக்குதுங்க! நீங்க குசுகுசுன்னு பேசினாகூட கேக்குது. எங்க மாப்ள வாங்கியாந்த மிசினு!”

உள்ளறையில் சத்தம் நின்றது. கதவு திறந்தது. அந்த அம்மா ஒயரோடு பிடுங்கிய போனை, எலியின் வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இன்னாங்க இது? பொண்ணு காட்டக் கூப்ட்டீங்களா, வேவு பாக்கக் கூப்ட்டீங்களா?”

கூடமே என்னைப் பார்த்தது. நான் எழுந்து, “இல்லைங்கம்மா, இது சவுண்டு ஆம்ப்ளிஃபையர்... அதாவது ப்ளூடூத் வழியா...” என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். (அந்த நேரத்தில் ஒரு மனிதனால் பேச முடிந்த அத்தனை மட்டமான வாக்கியங்களையும் வரிசையாகப் பேசினேன் என்று வனிதா இன்றும் சொல்கிறாள்.)

என் வகுப்பை நிறுத்தியது சுகந்தி. பட்டுப்புடவையோடு அடுப்பங்கரை வாசலிலிருந்து நேராக மாப்பிள்ளை முன்னால் வந்து நின்றாள்.

“அவங்க சொன்னது இருக்கட்டுங்க. உள்ள நீங்க இன்னா சொன்னீங்க?”

அந்தப் பையன் அம்மாவைப் பார்த்தான்.

போன் இப்போது கூடத்துக்கே வந்துவிட்டதால் மாமனாருக்கு எல்லாம் கேட்டது. “அவரு ஒண்ணும் சொல்லலம்மா” என்று அவரே பதில் சொன்னார். “நான்தான் கேட்டுக்கினு இருந்தனே. ‘உன் இஷ்டம்மா’ன்னு ஒரு வாட்டி சொன்னாரு. அவ்ளோதான்.”

“அப்ப சரிப்பா” என்று சுகந்தி திரும்பி உள்ளே போய்விட்டாள்.

பஜ்ஜியைத் தொடாமல் எழுந்தார்கள். அந்த அம்மா எங்கள் ஏழு தலைமுறையையும் வாசலில் நின்று விசாரித்துவிட்டு ஏறினார். ஆனால் வேன் சின்னசேலம் பக்கம் திரும்பவில்லை. மலைப்பக்கம் திரும்பி அருவிக்குத்தான் போனது. அதைப் பார்த்த மாமியார்தான் முதலில் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

என்னை யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. உள்ளறையில் போய் உட்கார்ந்து, ஆறிப்போன பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தேன். மாமனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குமிழ்கள் இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.

“கோச்சிக்காதீங்க மாப்ள. மிசினு அருமையான மிசினுதான். ஆனா எனக்கு இவ்ளோ கேக்க வேணாம். அந்தக் கோணிப்பைய எங்க வச்சீங்க?”

மறுநாளே பரணிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரேடியோவைத் தலைமாட்டிலும் டார்ச்சைக் கால்மாட்டிலும் வைத்துவிட்டு, முதல் வேலையாகப் பேட்டரிகளை வெயிலில் போட்டார். போனைச் சுகந்தி எடுத்துக்கொண்டாள். கணக்கு வாத்தியார் அந்த வருஷம் முழுக்க என்னோடு பேசவில்லை. ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் தன் போனை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுப்பார்.

கதை பஸ் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. அடுத்த வருஷம் தியாகதுருகத்திலிருந்து சுகந்தியைப் பார்க்க வந்தவர்களிடம், “வேணும்னா உள்ள போய்ப் பேசிட்டு வாங்க” என்று மாமியார் சொன்னதும், அவர்களில் பெரியவர் அவசரமாக, “வேணாங்க, வேணாங்க, எதுவா இருந்தாலும் இங்கயே பேசிக்கலாம்” என்றார். அங்கேயே பேசினார்கள். வேலை விஷயத்தை மாப்பிள்ளைப் பையனே வாயைத் திறந்து, எல்லோர் முன்னாலும் சொன்னான். கல்யாணம் ஆனது; சுகந்தி இன்றைக்கும் ரத்தம் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

எங்கள் குடும்பத்தில் ஒட்டுக்கேட்பதற்கு ‘சார்ஜ் போடறது’ என்று பெயர். வனிதாவும் சுகந்தியும் பேசுகிற இடத்துக்கு நான் தண்ணீர் குடிக்கப் போனால்கூட, “இன்னா மாமா, சார்ஜ் போட வந்தீங்களா?” என்பாள் சுகந்தி. அதுகூடப் பரவாயில்லை. முன்பெல்லாம் என்னைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் உள்ளறைக்குப் போவார்கள். அந்த மரியாதை போய்விட்டது.

போன மாதம் சுகந்தி புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். நான் சமையல்காரரிடம் சாம்பாரைப் பற்றி ஏதோ யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றடி தள்ளி மாமியாரும் அவர் தங்கையும்.

“உங்க பெரிய மாப்ள ஒரு எடத்துல சும்மா இருக்க மாட்டாரா?” என்று கேட்டார் தங்கை, மைக் இல்லாமலே பந்தல் முழுக்கக் கேட்கிற குரலில்.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமியார் முகத்தில் கொஞ்சமும் சங்கடம் இல்லை.

“மெதுவா பேசி இன்னா ஆவப் போவுது மாப்ள?” என்றார். “பந்திக்கு வாங்க, எல போட்டாச்சி.”