ஆக்சிஜன் அண்ணனும் என் கட்டை விரலும்

அந்தமானில் எங்கள் ஹட் பே தீவில் ஆக்சிஜன் அண்ணன் அழுத்திப் பார்க்காத நகமே கிடையாது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் அவர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கும் சாக்கில் நகத்தை அழுத்தி, ரத்தமும் ஆக்சிஜனும் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, வெளுத்த இடம் சிவக்க எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவார். தாமதமானால் மேடையிலேயே, "பீடியா, சிகரெட்டா?" என்று கேட்பார். பெண் வீட்டார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்!

அம்மாவை ஊரில் விட்டுவிட்டு, நான் அங்கே தனியாளாகத் தங்கி ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து வந்தேன். சர்க்கரை வியாதிக்காரன் வேறு. கால் கட்டை விரலில் வந்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. டாக்டர் மெயின்லேண்டிலிருந்து ஒரு களிம்பு வரவழைத்தார். தோல் செல்களை வளரச் சொல்லித் தூண்டும் 'குரோத் ஃபேக்டர்' மருந்து. கப்பலில் ஐஸ் பெட்டிக்குள் ராஜா மாதிரி வந்தது. அதற்கும் ஆறாவிட்டால் போர்ட் பிளேர் போய் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்.

மூன்று வாரம் பூசியும் புண் மசியவில்லை. எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

ஃபேக்டரியில் நாள் முழுதும் தண்ணீரில் நிற்க வேண்டும். வெளியே வந்தால் மழை. அதனால் கட்டின்மேல் பாலித்தீன் பையை மாட்டி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொள்வேன். ஆஸ்பத்திரி வாசலில் அதைக் கழற்றிவிட்டு நல்ல பிள்ளையாக உள்ளே போவேன். ஒருநாள் மறந்துபோய் அப்படியே நுழைந்துவிட்டேன்.

"அரே பாபு, இது என்னா?"

"நனையக்கூடாதுன்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"நனைக்காதேன்னேன். கழுத்த நெரின்னா சொன்னேன்?"

டியூபை அவிழ்த்தார். காலைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருந்தது. விரல் நகத்தை அழுத்தி, "ஏக், தோ, தீன்..." என்று எண்ணத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். எண்ணிக்கை நீண்டதே தவிர நகம் சிவக்கக் காணோம். எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

"மருந்து வளரு, வளருங்குது. ரத்தம் போனாத்தானே ஆக்சிஜன் போகும்? அது இல்லாம செல்லு எப்படிச் சொன்ன பேச்சு கேக்கும்? கொஞ்ச நேரம் மூச்சு முட்டினா பதறிக்கிட்டு வேல செய்யும். நாள் பூரா முட்டினா படுத்துரும். பஸ், அவ்ளோதான், கதை முடிஞ்சுது!"

மருந்து வந்துவிட்டால் போதும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் உடம்பை வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் அவரே ஃபேக்டரிக்கு வந்தார். மேனேஜர் சட்டென்று இரண்டு கையையும் மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். "இந்த ஆளுக்குக் காஞ்ச எடத்துல ஒரு நாற்காலி போடுங்க" என்றார் அண்ணன். நாற்காலி கிடைத்தது. டியூப் போயிற்று. களிம்பு மட்டும் தொடர்ந்தது. சில வாரத்தில் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தோல் எட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல மூடியது.

கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று, சட்டைப் பையிலிருந்து இரண்டு கப்பல் டிக்கெட்டுகளை எடுத்தார். போர்ட் பிளேருக்கு. ஒன்றில் என் பெயர், இன்னொன்றில் அவர் பெயர்.

"இத கேன்சல் பண்ணணும், பாபு."

"நீங்க எதுக்குண்ணே?"

"விரல எடுக்கறப்ப வெளிய பெஞ்சுல உக்கார ஒரு ஆளு வேணாமா?"

அன்று சாயங்காலம் ஊருக்குப் போன் போட்டபோது, "இங்க எனக்கு ஒரு அண்ணன் இருக்காரும்மா" என்றேன்.