மர மனிதர் குடித்த மூன்று குவளை

ஞாயிறு, மத்தியானம்

அன்பும் மரியாதையும் நிறைந்த ஆனெஷ்கா அக்காவுக்கு,

தம்பி ஓட்டகார் பணிவுடன் எழுதுவது. ஓலொமோட்ஸில் நீயும் அத்தானும் உன் முழங்காலும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே ஷார்கா சௌக்கியம். நான் உயிரோடு இருக்கிறேன். இன்றைக்கு அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை.

பீருக்குப் பேர்போன பொஹீமியாவில் பிறந்தும் பீர் வாசனை பட்டாலே எனக்குக் குமட்டும் என்பது இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்குத் தெரியாமல் என் குவளையை நீ காலி செய்தாய். கல்யாணத்துக்கு அப்புறம் என் மிலுஷ்கா இருந்தவரை மேஜையில் சத்தமில்லாமல் குவளையை மாற்றிக்கொள்வாள். ரயில் ஓட்டிய காலத்தில் 'டியூட்டி இருக்கிறது' என்று சொல்லித் தப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சாக்கும் போய்விட்டது. போகட்டும், வீட்டுக்குள் கிடந்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்றிருந்தேன். பார்த்தால், என் பெண் ஷார்கா காதலித்த பையனுடைய அப்பா, பழைய மதுவாலையில் இருக்கும் பீர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர்! இந்த நாட்டில் எத்தனை பல் வைத்தியர்கள் இருக்கிறார்கள், எத்தனை தபால்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கெல்லாம் பிள்ளைகளே இல்லையா?

சம்பந்தி அலோயிஸ் நேற்று என்னை அருங்காட்சியகத்துக்கு வரச்சொன்னார். ஆறடி உயரம், கதவு மாதிரி அகலம், மீசையில் பாதி எப்போதும் நுரை. கல்யாணத்துக்காக அங்கிருக்கும் பழைய செம்புக் கொப்பரையில் தன் கையாலேயே பீர் காய்ச்சியிருக்கிறாராம். முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. நிலவறைப் படியில் இறங்கும்போது அவர் கையைப் பிசைந்துகொண்டே வந்தார். குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"சம்பந்தி, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. நல்லா வந்திருக்கா, கெட்டுப்போச்சான்னு ஒண்ணும் புரியல. வீட்டுல யாரக் கேட்டாலும் பயந்துக்கிட்டு நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. நீங்கதான் வெளி ஆளு. குடிச்சுப் பாத்து உண்மையச் சொல்லணும்" என்றார்.

"எனக்கு என்ன தெரியும், நான் ரயில் ஓட்டுனவன்" என்றேன்.

"அட, அடக்கத்தப் பாருங்க! ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பீர் குடிக்காத மனுஷன நான் நம்பவே மாட்டேன். அவன் என்னத்தையோ மறைக்கிறான்னு அர்த்தம்" என்று சொல்லி என் முதுகில் ஒரு அறை விட்டார்.

அக்கா, நான் மறைத்துக்கொண்டிருந்ததே அதைத்தான்.

கையில் அரை லிட்டர் குவளை. முறைப்படி ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் குவளையை முட்டிக்கொண்டோம். உதட்டை மட்டும் நனைத்தேன். அந்த நேரம் மேலே மணி அடித்தது, யாரோ பார்வையாளர்கள் வந்திருந்தார்கள். "குடிச்சுக்கிட்டே இருங்க, இதோ வந்துட்டேன்" என்று அவர் ஏறிப் போனார். நானும் அந்த மர மனிதரும் மட்டும் மிச்சம்.

மர மனிதரை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கதைதான்: அந்தக் காலத்துப் பரிசோதகர்கள் பெஞ்சில் பீரை ஊற்றி, தோல் கால்சட்டையோடு அதன்மேல் உட்கார்ந்திருப்பார்களாம், எழுந்திருக்கும்போது பெஞ்சும் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தால் பீர் தேறியதாம். அந்தப் பரிசோதகரை ஆள் உயரத்துக்குச் செதுக்கி, நிஜத் தோல் கால்சட்டை மாட்டி, மடியில் ஒரு மண் கூஜாவையும் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக் கண். எந்தப் பக்கம் நின்றாலும் என்னையே பார்த்தது.

'மன்னிச்சிடுங்க ஐயா' என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் குவளையை அவருடைய கூஜாவில் கவிழ்த்துவிட்டேன்.

சம்பந்தி இறங்கி வந்து காலிக் குவளையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "அடேயப்பா! அதுக்குள்ளயா?" என்று உடனே நிரப்பினார். மறுபடி மணி அடித்தது. மறுபடி கூஜா. மூன்றாவது தடவையும் அப்படியே. ஒன்றரை லிட்டர் ஆயிற்றே, வழிந்துவிடப் போகிறது என்ற பயத்தில் கூஜாவுக்குள் எட்டிப் பார்த்தேன். அக்கா, உள்ளே ஒரு சொட்டு இல்லை!

மர மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நான் வந்தபோது அவர் அவ்வளவு சிரிக்கவில்லை. நான் குடிக்காததையெல்லாம் யாரோ குடித்திருக்கிறார்கள், அந்த அறையிலோ வேறு ஆளே கிடையாது! படியில் ஓடினேன், தாழ்ந்த வளைவில் தலை இடித்தது, ஓடி வந்த சம்பந்தியின் நெஞ்சில் போய் மோதினேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒண்ணும் சொல்லலையே சம்பந்தி. பிடிக்கலையா?"

இடிபட்ட தலையைத் தடவிக்கொண்டே வாசல் கதவைப் பார்த்தேன். அந்த மனுஷனுடைய மீசை தொங்கிப் போய்விட்டது. "சரி, பரவால்ல. திங்கக்கிழமை பரிசோதகரைத் துடைக்க வெளிய எடுக்கிறோம். கல்யாணத்துல அவரும் நம்மளோட உக்காரணும்ல" என்று மெதுவாகச் சொன்னார்.

புரிகிறதா? நாளைக்கு அவரைத் தூக்குவார்கள், கூஜாவை மோந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிடும். ஆசையாகக் காய்ச்சிய பீரை ஒரு பொம்மைக்கு ஊற்றியவனுடைய பெண்ணை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? ஷார்கா கல்யாண அழைப்புக்கான கொலாச்சு இனிப்பு ரொட்டிகளைச் சுட்டுத் தெரு முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. காலையிலிருந்து பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள். அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வருகிறது. அவள் பாட்டு நின்றுபோனால் அதற்குக் காரணம் நான்தான்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இதற்குள் இன்னொரு உறை இருக்கிறது. அதில் சம்பந்திக்கு உண்மையெல்லாம் எழுதி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். என் கையால் கொடுக்கத் துணிவில்லை. வெள்ளிக்கிழமை நீ கல்யாணத்துக்கு வரும்போது அவரிடம் கொடுத்துவிட்டு, நான் எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு. நிலக்கரிக் கிடங்கில் இருப்பேன்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். உன் முழங்காலுக்குக் கடவுள் துணை. என்னால் ஷார்காவுக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்று, பெரியதாகவே ஏற்று.

உன் பாவப்பட்ட தம்பி,
ஓட்டகார்

பின்குறிப்பு (திங்கள், காலை பதினொன்று): உள்ளே இன்னொரு உறையைத் தேடாதே, அடுப்பில் போட்டுவிட்டேன். காலையில் மர மனிதரைத் தூக்கினார்களாம். பெஞ்சும் கூடவே எழுந்து வந்ததாம்! கூஜாவின் அடியில் விரிசல் இருந்திருக்கிறது. ஒன்றரை லிட்டரும் கால்சட்டை வழியாக இறங்கி, இரண்டு நாளில் காய்ந்து, நான்கு ஆள் சேர்ந்து இழுத்தும் பிரிக்க முடியவில்லையாம். சம்பந்தி தொலைபேசியில் தேம்பித் தேம்பி அழுதார். "வாயால புகழாம பழைய முறைப்படியே சோதிச்சுக் காட்டிட்டீங்களே! உங்கள மாதிரி பீர் தெரிஞ்ச மனுஷன் இனிமே பொறக்கணும்!" கல்யாணம் நடக்கும், ஷார்கா இன்னும் பாடிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அக்கா, வெள்ளிக்கிழமை இந்த வட்டாரத்து மதுவாலைகளின் போட்டிக்கு அவர் என்னை நடுவராகப் போட்டுவிட்டார். பதினொரு வகை, எல்லார் முன்னாலும், முழுக் குவளை. பக்கத்து நாற்காலியை உனக்கென்று சொல்லி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமையே வந்துவிடு. வெறும் வயிற்றோடு வா.