மாவே இல்லாத மாவு மில்லு

இன்னிக்கு எனக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஆபீசர் வருவாங்க, மில்லைத் தொறந்து காட்டணும்.

ஒரகடம் பக்கத்துல எங்க தெருவுல மாவு மில்லு வெச்சிருக்கேன். சுத்தி கம்பெனிங்க வந்தப்புறம் தெருவெல்லாம் வாடகை வூடு ஆயிடுச்சு. இப்போ சர்க்காரு போட்ட புது மேப்புல எங்க தெருவை குடியிருப்புப் பகுதின்னு போட்டுட்டாங்க. இனிமே யாரும் இங்க புதுசா மில்லு வெக்க முடியாது. ஆனா மேப்புக்கு முன்னாடியிலேர்ந்தே நடுவுல நிறுத்தாம ஓடிக்கினு இருக்கிற மில்லுன்னு காட்டிட்டா, அப்படியே ஓட்டிக்கலாம். காட்டலேன்னா பூட்டு.

நாலாங்கிளாஸ் படிச்ச எனக்கே புரிஞ்ச விஷயம்தான்.

புரிஞ்சும் நான் இன்னா பண்ணேன்? வர்றது ஆபீசராச்சேன்னு ஒரு வாரமா மில்லை சுத்தம் பண்ணேன்! செவுத்துக்கு வெள்ளை. மெஷினுக்குப் பச்சை பெயிண்ட். வாசல்ல புது போர்டு. மூலை மூலையா மாவைத் தொடச்சு எடுத்தேன். பரண்ல கெடந்த பேப்பரை எல்லாம் மூட்டை கட்டி பழைய பேப்பர்காரன் கிட்ட போட்டேன். ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்துட்டுப் போனான்.

காலையில கோதுமையோட வந்த வடநாட்டுப் பசங்களைக்கூட, "நாளைக்கு வாங்கப்பா"ன்னு திருப்பி அனுப்பிட்டேன்.

"இம்மாம் பளபளப்பு எதுக்குய்யா? அவங்க மில்லைப் பார்க்க வர்றாங்களா, பொண்ணு பார்க்க வர்றாங்களா?"ன்னு என் சம்சாரம் கேட்டா.

நான் காதுல வாங்கலை.

பதினோரு மணிக்கு ஆபீசர் மேடம் வந்தாங்க. மெஷினைத் தொட்டுப் பார்த்தாங்க. விரல்ல பச்சை பெயிண்ட் ஒட்டிக்கிச்சு.

"ஐயா, மாவு மில்லுன்னு சொல்றீங்க. மாவு எங்க?"

"தொடச்சுட்டேன் மேடம்."

"இது போன வாரம் ஆரம்பிச்ச மாதிரி இருக்கே. பழைய கரண்ட் பில்லு இருக்கா?"

சம்சாரம் என்னைப் பார்த்தா. நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

"சரி, லைசென்ஸ்?"

மறுபடியும் பக்கெட்டைப் பார்த்தேன்.

"ரெண்டு நாள் டைம் கொடுங்க மேடம். கரண்ட் ஆபீஸ்ல எழுதி வாங்கிக்கினு வந்துடறேன்."

"சாயங்காலமே நான் ரிப்போர்ட் கொடுக்கணும் ஐயா."

முப்பது வருஷமா சோறு போட்ட மில்லு! ஓட்டியாவது காட்டுவோம்னு, சம்சாரம் காய வெச்சிருந்த மிளகாயை எடுத்துக் கொட்டி சுவிட்சைப் போட்டேன்.

மாவு விழற வாயில கட்டுற துணியைத் துவைச்சு கொடியில போட்டிருந்தது அப்போதான் ஞாபகம் வந்துது.

மிளகாய்த்தூள் நேரா மேடம் மூஞ்சிக்கே போச்சு! அவங்க தும்மினாங்க, நான் தும்மினேன், அவங்களோட வந்த டிரைவர் ஜீப்புல உக்காந்தபடியே தும்மினாரு.

தும்மல் சத்தம் கேட்டு எதிர் வூட்டுக் கதவு தொறந்துச்சு. மாணிக்கம்.

இவனைப் பத்தி சொல்லணும். என் பொண்ணு கல்யாணத்துல மூணு தடவை சாம்பார் வாங்கி சாப்பிட்டுட்டு, உப்பு கம்மின்னு பந்தியில சொன்னவன். அன்னியிலிருந்து பேச்சு கெடையாது. பேரப்புள்ளைங்க வந்தாச்சு, நான் இன்னும் மறக்கலை.

கையில தடிமனா ஒரு ஃபைலோட ஓடி வந்தான்.

"பார்த்தீங்களா மேடம்! வூடு கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து இந்த மில்லு சத்தமும் தூளும் ஒரே ரோதனை! வருஷா வருஷம் மனு கொடுக்கிறேன். பாருங்க, எல்லாத்துலயும் தேதியோட ஆபீஸ் சீல் கீது!"

"என் மில்லு அப்படி இன்னா பெருசா சத்தம் போடுது? பொய் சொல்றான் மேடம்!"ன்னேன்.

"பொய்யா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீ மில்லை நிறுத்தியிருக்கியா?"

"ஏன் நிறுத்தலை? ரெண்டு மாசம்..."

அதுக்கு மேல பேச முடியலை. சம்சாரம் என் காலை மிதிச்சுட்டா.

"வாயை மூடுய்யா. அவரு பேசட்டும்."

அப்புறம்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. மாணிக்கம் பேசினான். பொங்கலுக்கும் ஓடுச்சு, தீபாவளிக்கும் ஓடுச்சு, மழை வெள்ளத்துலயும் ஓடுச்சுன்னு மூச்சு விடாம பேசினான். மேடம் கண்ணைத் தொடச்சுக்கினே ஒவ்வொரு மனுவா போட்டோ எடுத்தாங்க.

"போதும் சார். மேப்புக்கு முன்னாடியிலிருந்தே தொடர்ந்து ஓடுதுன்னு இதுலயே தெரியுது. ஐயா, நீங்க நடத்தலாம். பெருசாக்கக் கூடாது. நடுவுல நிறுத்தியும் வெக்கக் கூடாது."

"அப்போ என் மனு?"ன்னான் மாணிக்கம்.

"உங்க மனுதான் சார் அவருக்கு சாட்சி."

அந்த மூஞ்சியைப் பார்க்கணுமே! கல்யாணத்துக்கு ஆன செலவெல்லாம் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

இருந்தாலும் மனசு கேக்கலை. சாயங்காலம் சம்சாரம் கிட்ட ஒரு டப்பா மிளகாய்த்தூள் கொடுத்தனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தா.

"இன்னா சொன்னான்?"

"காரம் கம்மியாம்."

நாளைக்கு விடியக்காலையிலேயே அவன் ஜன்னலைப் பார்த்து அரைக்கப் போறேன். மறுபடியும் மனு எழுதட்டும். இந்தத் தடவை எனக்கும் ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கி வெச்சுக்கணும்.