நடுக்கழியில் பொங்கிய பால்

ரகசியம் காப்பதில் எங்கள் தீவில் எனக்கு நிகர் ஒருவரும் கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய், பெருமைக்கும்தான் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு குணத்தாலேயே முழுக் கடையைச் சேற்றில் நட்டு வைத்தவளும் நான்தான். அடுத்தவர் சொல்லி நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை.

(எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி நான் எழுதியதை மருமகள் திருத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். சிரிக்கட்டும், எதையும் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.)

எங்கள் ஊர் முட்டுக்காட்டுக்குத் தெற்கே, உப்பங்கழிக்கு நடுவில் கிடக்கும் மணல் திட்டு. அறுபது வீடு, ஒரு கோயில், இரண்டு டிபன் கடை. கிழக்கே கழியைத் தாண்டினால் கடல். மேற்கே தாண்டினால் ரோடு. கழிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு முகத்துவாரம் உண்டு. வெயில் காலத்தில் அலை மணலைத் தள்ளி அதை அடைத்துவிடும். பிறகு மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே வந்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும். அப்போது ஊர் ஆண்கள் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டி விடுவார்கள். கவிழ்த்த குண்டான் மாதிரி கழி காலியாகும். இது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு டிபன் கடையில் ஒன்று என்னுடையது. மற்றது ஜெயாவுடையது. ஜெயா என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. அவள் இட்லி கல் மாதிரி இருக்கும் என்று நான் சொன்னதில்லை. சாப்பிட்டவர்கள் சொன்னதை நான்கு பேரிடம் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதான்.

ஈ.சி.ஆர். ரோடு அகலமான சமயம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆபீஸ்காரர்கள் காரில் வந்து, அக்கரையில் எங்கள் படகு ஒதுங்குகிற துறையில் நின்று மீன் வாங்க ஆரம்பித்தார்கள். மீன் வாங்குகிறவனுக்குப் பசிக்காதா? அந்தத் துறையில் ஒரு டிபன் கடை இல்லை. தீவில் இருந்த என் கடைக்கோ, எல்லாரும் ஏற்கெனவே வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள், பேச.

அந்தத் துறை எங்கள் ஊருக்குப் பாத்தியப்பட்டது. பட்டா கிட்டா எதுவும் கிடையாது. எங்களுக்குள் ஒரே முறைதான்: காலியாகக் கிடக்கும் இடத்தில் யார் முதலில் அடுப்பு மூட்டி, நல்ல நேரத்தில் பால் பொங்க வைக்கிறார்களோ இடம் அவர்களுக்கு. அதற்குப் பிறகு ஊரே திரண்டாலும் அவர்களை எழுப்ப முடியாது. ஆகவே என் கடையைத் தூக்கி அக்கரையில் வைப்பது என்று முடிவு செய்தேன். ஜெயாவுக்கு முந்திவிட வேண்டும். அவளுக்கும் அந்த இடத்தில் ஒரு கண் இருக்கிறது என்று நானே கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

ஒரு மாதம் திட்டம் போட்டேன். ஊரில் யாரிடமும் பேச்சில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் தம்பி காதுக்குப் போகும், அங்கிருந்து ஜெயா காதுக்குப் போகும். தெரு நடுவே ஆண்கள் கூடிப் பேசினால் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பேச்சுக் கொடுத்தால்தானே வாய் தவறும்?

சொன்னது ஒரே ஆளிடம், படகுக்காரர் ஏழுமலையிடம். அவரும் அவர் மச்சினர் இரண்டு பேரும் இல்லாமல் கடை நகராது.

"ஏழுமல, இது உனக்கும் எனக்கும் மட்டும்தான். அன்னிக்குக் காலைல கடை எறங்குற வரைக்கும் நீ வாயே தொறக்கக் கூடாது. கோயில்ல கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்ணு."

பண்ணினார். வெள்ளிக்கிழமை என்று நாளைச் சொன்னதும்தான் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, வெள்ளிக்கிழமையா? அன்னிக்குப் பாத்தியானா அந்த..."

"இன்னா சொன்னேன் நானு?"

"இல்ல அக்கா, நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"சத்தியம் பண்ணியா இல்லியா?"

"பண்ணேன்."

"அப்ப மூடு."

நல்ல நாள் நான் பார்த்தது என் கடையில் தொங்கிய தினசரிக் காலண்டரில். ஊரிலேயே நல்ல நேரம் போட்ட காலண்டர் அது ஒன்றுதான். எழுத்து தகராறு என்றாலும் எண் எனக்கு நன்றாகவே வரும். ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால். அதே வாரத்தில் ஊர் ஆண்கள் நான்கைந்து பேர் வந்து டீ குடித்தபடி அந்தத் தாளையே தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள். யார் வீட்டிலோ காதுகுத்து என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். அதற்கு இருபது நாள் முன்னால், கழித் தண்ணீர் ஏறி என் அடுப்பை அணைத்துவிட்டது. அன்றைக்கு நடுத்தெருவில் நின்று, "ஆம்பளையா நீங்கள்லாம்? முகத்துவாரத்த வெட்டாம இன்னாத்துக்குக் குந்திக்கினு கீறீங்க?" என்று கத்தியவளும் நானேதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. என் வீட்டுக்காரர் விடிந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்கவில்லை. தொலைந்தார் மனுஷன் என்று நிம்மதியாக இருந்தது.

இரண்டு தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கே சவுக்குக் கட்டைகளைக் கட்டி, அதன் மேல் என் மரக்கடையை ஏற்றினோம். கடை என்றால் முழுக் கடை: கூரை, பலகை, பெஞ்சு, இட்லிக் குண்டான், சாமி படம், காலண்டர் எல்லாம். சரியாக ஒன்பதேகாலுக்குத் தள்ளினார்கள். அங்கேதான் என் மூளை இன்னும் ஒரு படி அதிகமாக வேலை செய்தது. அக்கரை போய்ச் சேர்ந்து அடுப்பு மூட்டினால் நேரம் தப்பிவிடுமே என்று, கிளம்பும்போதே பம்பு ஸ்டவ்வைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றிவிட்டேன். இறங்கும்போது பொங்க வேண்டும். அதுதான் கணக்கு.

கடை எடைக்குத் தோணி ஆமை மாதிரி போனது. பாதிக் கழி தாண்டியிருப்போம். ஏழுமலை கோலை ஊன்றினார். அதுவரை இடுப்பளவு இறங்கிய கோல் முழங்கால் அளவுதான் இறங்கியது. அடுத்த ஊன்றலுக்குக் கணுக்கால். பிறகு கீழே "கர்ர்" என்று ஒரு சத்தம். தோணி நின்றது. கடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, இட்லித் தட்டுகள் உருண்டு என் மடியில் விழுந்தன.

"இன்னாடா ஆச்சு?"

ஏழுமலை கிழக்கே கையைக் காட்டினார். வாயைத் திறக்கவில்லை.

"சொல்லித் தொலையேன்!"

"கடை எறங்குற வரைக்கும் பேசக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினியே அக்கா. இப்ப பேசலாமா?"

"பேசுடா!"

"முகத்துவாரத்த வெட்டிட்டாங்கோ. இன்னிக்கு ஒம்பதேகாலுக்குன்னு ஒரு வாரமா ஊரே பேசிக்கினு கீது. உன் காலண்டர்ல பாத்துதான் நேரமே குறிச்சாங்கோ. வெட்டுறதுல முதல் ஆளு உன் வூட்டுக்காருதான்."

நான் பதில் சொல்வதற்குள் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. திரும்பினால் பால் பொங்கி வழிகிறது. நல்ல நேரத்துக்குள், மங்களகரமாக, நுரையோடு, நடுக்கழியில்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர் போய்ச் சேறும் மணலும் தெரிந்தன. தண்ணீர் வற்றினால் எங்கள் பெண்கள் கூடையோடு இறங்கி இறால் தடவிப் பிடிப்பார்கள். அன்றைக்கும் இறங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஜெயா. வந்தவள் கடையைச் சுற்றி ஒரு முறை நடந்தாள், தேர் பார்க்கிற மாதிரி.

"இன்னா அக்கா, கடையை இங்க கொணாந்து வச்சிகினே? நண்டுக்கா இட்லி விக்கப் போற?"

பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு மாதம் பேசாமல் இருந்தவள்தானே நான். ஆனால் சேற்றில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாலும் என் கௌரவம் நேராகத்தான் உட்கார்ந்திருந்தது.

"துறைக்குப் போய்கினு கீறேன். அங்க பால் காய்ச்சப் போறேன். இனிமே கார்க்காரங்கதான் எனக்கு கிராக்கி."

ஜெயா துறையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கையிலிருந்த இறாலைப் பார்த்தாள். "ஓ," என்றாள். திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

மறுபடி வந்தபோது தலையில் அடுப்பு, இடுப்பில் பால் குண்டான். கணுக்கால் தண்ணீரில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, என் கடையை ஒட்டியே நடந்து போனாள்.

"வரட்டா அக்கா? மணி இன்னா, பத்து ஆச்சா?"

என் காலண்டர் அவளுக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் எதுவரை என்று அதில் பார்த்துக்கொண்டாள். இறங்கி ஓடலாம் என்று சேலையைப் பிடித்தேன். ஏழுமலைதான் தடுத்தார்: "பால் மொத்தமும் இங்கயே பொங்கி வழிஞ்சிடுச்சே அக்கா, ஒரு சொட்டு இல்ல. அங்க போய் இன்னாத்தக் காய்ச்சுவே?"

பத்தேகாலுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அக்கரையில் குலவை கேட்டது. பொங்கிவிட்டது.

மத்தியானம் என் வீட்டுக்காரர் உடம்பெல்லாம் மணலோடு வந்தார். சாய்ந்த கடையைப் பார்த்தார்.

"ஏன்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"நீ சொன்னியா, முகத்துவாரம் வெட்டப் போறேன்னு?"

"நீதானே வெட்டச் சொன்னே!"



பௌர்ணமிக்குக் கடல் ஏறி, கழியில் தண்ணீர் வந்து தோணி மிதக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் ஊர் மொத்தமும் அக்கரைக்கு நடந்தே போனது. வழியில் என் கடை. சும்மா உட்கார்ந்திருக்க எனக்குத் தெரியாது. டீ போட்டேன், இட்லி ஊற்றினேன். அவ்வளவு கூட்டத்தை என் கடை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. நான்காம் நாள் கடையைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தோம்.

ஜெயா துறையில் நன்றாகவே இருக்கிறாள். போர்டு, ஃபேன், பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வந்துவிட்டது. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் அருகில் உட்கார்ந்தபோது சொன்னாள்: "சத்தியமா அக்கா, நீ அன்னிக்குச் சொல்ற வரைக்கும் அந்த எடத்துல கடை வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல." நான் அப்பளத்தை உடைத்தேன்.

இடத்தை இழந்தேனே தவிர, ஊர் முறை முறைதான். பால் பொங்கிய இடம் பொங்க வைத்தவளுக்கு. கழி நடுவே இருக்கிற அந்தத் திட்டுக்கு இன்றைக்கும் "கன்னியம்மா கடை" என்றுதான் பெயர். வெளியூர்ப் படகுக்காரர்கள்கூட, "கன்னியம்மா கடையாண்ட பாத்து ஓட்டு, தட்டும்" என்கிறார்கள். என் மருமகள் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துப் பெண். கல்யாணமாகி முதல் முறை தோணியில் வந்தபோது ஏழுமலை, "எழுந்து கும்புடும்மா, உன் மாமியாரு கடை வந்துடுச்சி" என்றிருக்கிறார். அவளும் எழுந்து, பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு, நான்கு பக்கமும் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள். (இந்த இடத்தை எழுதும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.)

ஜெயாவின் இடத்துக்கு இப்போது மூன்று பேர் போட்டி போடுகிறார்கள். என் இடத்தில் பால் காய்ச்ச இதுவரை யாரும் வரவில்லை.