இரங்கல் வாங்கித் தந்த விடுமுறைகள்

சாவை வைத்து ஒரு பல்கலைக்கழக விடுதியையே சந்தோஷப்படுத்திய ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் சங்கரன்கோவில்காரன். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவன் ‘இரங்கல்’.

நாங்கள் பல் தேய்ப்பதற்குள் பேப்பரில் மரண அறிவிப்புகளை மேய்ந்துவிடுவான். துணைவேந்தருக்குத் தெரிந்தவரின் மாமனார் போயிருந்தால்கூடப் போதும், ஒன்பது மணிக்கு இரங்கல் தீர்மானத்தோடு அலுவலக வாசலில் நிற்பான். இரண்டு நிமிட மௌனம், பிறகு விடுமுறை. ஒருமுறை ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்கு அப்படி அஞ்சலி செலுத்திவிட்டு மேட்னி ஷோ போனோம். மறுநாள் அவர், தாம் உயிரோடு இருப்பதாகப் பென்ஷனுக்குச் சான்று கொடுக்க நேரில் வந்தார்.

“அதுக்கென்ன மக்கா? குடுத்த லீவைத் திருப்பியா கேப்பாவ?” என்றான் இரங்கல்.

அந்த வருடம்தான் பக்கத்து அறை முருகையா மஞ்சள் காமாலையில் செத்தான். குருவிகுளத்துப் பையன். விடுதித் தண்ணீர்த் தொட்டியில் புறா செத்து மிதந்தது எல்லோருக்கும் தெரியும். இரங்கல் வழக்கம்போலத் தீர்மானத்தை எழுதிக்கொண்டு போனான். “அவன் செத்தது வீட்டுலதானப்பா, விடுதியில இல்லையே” என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விடுமுறை இல்லை. இரங்கல் சாப்பாட்டுக்கூடத்தின் நடுவில் தனியாக இரண்டு நிமிடம் நின்றான். நான் எதிரே உட்கார்ந்து உப்புமாவை முடித்தேன்.

இப்போது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறான். முக்கால்வாசி கண்ணீர் அஞ்சலிதான். பல்கலைக்கழகம் மாணவர் வாழ்வையும் சாதனைகளையும் வரலாற்றுப் புத்தகமாகப் போடுகிறது. விடுதி அத்தியாயம் என் தலையில் விழுந்தது. பழைய படம் கேட்டு அவனிடம் போனேன்.

“ஏலே, அதுல முருகையா பேரு வருதா?”

“அது சாதனைப் புத்தகம்லா.”

“அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு நீ உசுரோட இருக்க. உன் பேரு வருது. அவன் பேரு மட்டும் வரக்கூடாதோ?”

ஒரு பத்தி எழுதிச் சேர்த்தேன். புத்தகக் குழு கூப்பிட்டு, “மங்களகரமா இருக்கட்டுமே சார்” என்றது. அந்தப் பத்தி இல்லையென்றால் என் அத்தியாயமே இல்லை என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வீரம் பேசினேன். அத்தியாயத்தையே எடுத்துவிட உடனே சம்மதித்துவிட்டார்கள். அதுதான் கொஞ்சம் வலித்தது. அதனால்தான் முருகையா அந்தப் புத்தகத்தில் இல்லாமல் இந்தப் பக்கத்தில் இருக்கிறான்.

தோற்ற கதையை இரங்கலிடம் போய்ச் சொன்னேன். அவன் கம்ப்யூட்டரைத் திருப்பி, வரிசையாகக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்களைக் காட்டினான். முதலில் முருகையா, ஹால் டிக்கெட் படத்தைப் பெரிதாக்கி, கலங்கலாக. அடுத்தது நான். மாலை, விளக்கு, என் பெயர் எல்லாம் தயார். தேதி மட்டும் போடவில்லை.

“நம்ம விங்ல எல்லாருக்கும் செஞ்சு வச்சிருக்கேன். ஒருத்தனும் பேரில்லாமப் போயிரக் கூடாது பாத்துக்க” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகத் திரையை அணைத்தான்.

“உனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல மக்கா. மெதுவா வா.”