காவல் தீராத செருப்பு

வரைபடம் வரைந்த அரசர்கள் எல்லாரும் தத்தம் நாட்டுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்ட ஊர் ஒன்று இருந்தது. திருப்பாறை என்று பெயர். ஊர் நடுவில் ஒரு பாறை, பாறைமேல் ஒரு மண்டபம். அதில் இரண்டு கூட்டத்தார் கும்பிட்டார்கள். உதயர் காலையில் கிழக்கே பார்த்துக் கும்பிட்டார்கள். அந்தியர் மாலையில் மேற்கே பார்த்துக் கும்பிட்டார்கள். கடவுள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இரண்டு கூட்டமும் அடித்துக்கொள்ளாத விஷயம் கிடையாது, ஒன்றைத் தவிர. அது செருப்பு. உதயர் உள்ளே இருக்கும்போது அவர்கள் செருப்பை வாசலில் ஓர் அந்தியர் காப்பார். அந்தியர் உள்ளே இருக்கும்போது ஓர் உதயர் காப்பார். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு கூட்டம் கண்ணை மூடியிருக்கும் நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க அடுத்த கூட்டத்தாரால்தான் முடியும்.

காவல் இருப்பவர் தம் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். உள்ளே போனவர்களின் செருப்பு முனையை வெளிப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும். திரும்பக் கொடுக்கும்போது "கால் பத்திரம்" என்பார். மாட்டிக்கொண்டவர் "காவல் தீர்ந்தது" என்பார். அந்தச் சொல் வரும்வரை காவல்காரர் இடத்தை விட்டு எழக்கூடாது. ஒரு ஜோடி பாக்கி இருந்தாலும் அவர் கும்பிடுகிற கும்பிடு மேலே போய்ச் சேராது என்று இரு கூட்டத்தாரும் நம்பினார்கள்.

காலைக் காவல் இருளப்பன். பொரிகடலை வறுத்து விற்கும் அந்தியன். மாலைக் காவல் வெயிலாள். உதயர் வீட்டுப் பெண், புருஷனை இழந்தவள், ஒரே மகள். இருளப்பனுக்கு ஊரிலேயே பெரிய பாதம். மாலையில் அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும்போதெல்லாம் வெயிலாள் சிரிப்பாள்.

"ஏண்ணே, இது செருப்பா, பரிசலா? நாலு பேரு உக்காந்து ஆத்தைக் கடக்கலாம் போலிருக்கே!"

"பாத்து வையி தங்கச்சி. சின்னக் காலுக்காரன் ஊரு விட்டு ஊரு ஓடுவான். எனக்கு இந்த ஊருதான் அளவு."

இப்படி இருக்கையில் தேர்தல் வந்தது. செங்கதிர்ச் செல்வர் என்ற உதயர் தூய்மையைக் கொண்டுவருவதாகச் சொல்லி வென்றார். ரோடு, தண்ணீர் என்று கேட்டவர்களிடம் முதலில் தூய்மை, பிறகு மற்றதெல்லாம் என்றார். தூய்மைக்கு வான்மணியார் என்று ஓர் அமைச்சரையும் போட்டார். வான்மணியார் மண்டபப் படியில் நின்று முதல் ஆணையைப் படித்தார்.

"பிற கூட்டத்தானின் கை பட்ட செருப்பிலிருந்து தீட்டானது உள்ளங்கால் வழியே ஏறி, பொழுது சாய்வதற்குள் நெற்றியை அடைகிறது. வல்லுநர் குழு இதைக் கண்டறிந்துள்ளது. ஆகவே உதயர் செருப்பை இனி உதயரே காப்பர்."

கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அப்ப அந்தியர் செருப்பை நம்ம வெயிலா தொடுறாளே, அதுங்கய்யா?"

அமைச்சர் கனிவோடு விளக்கினார். "தீட்டு மேல்நோக்கி ஏறும். தூய்மை கீழ்நோக்கி இறங்கும். அவள் தொடலாம். அது நாம் அவர்களுக்குச் செய்யும் கருணை."

எல்லாரும் கை தட்டினார்கள். வெயிலாளும் தட்டினாள். ஊரோடு ஒத்துப் போவதுதானே நல்லது? அன்று மாலை இருளப்பன்தான் அவளைத் தேற்றினான். "விடு தங்கச்சி. காலையில கொஞ்சம் கூடுதலாத் தூங்கிக்கிறேன்."

"ரெண்டு மாசத்துல எல்லாம் அடங்கிரும்ணே," என்றாள் அவள்.

அடங்கவில்லை. அடுத்த ஆணைப்படி உதயர் எல்லாரும் காலையில் கண்மூடிக் கும்பிட்டாக வேண்டும், காவல்காரர் உட்பட. ஆகவே வாசலில் எல்லாச் செருப்புகளும் அநாதையாகக் கிடந்தன. தொலையவும் தொடங்கின. திருடன் வெளியிலிருந்து வரவில்லை. தேய்ந்ததை விட்டுவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு போனவர்கள் அப்போதுதான் மனமுருகிக் கும்பிட்டு முடித்தவர்கள். ஒரு நாள் வெயிலாள் கொஞ்சம் முன்னதாகக் கண்ணைத் திறந்துவிட்டாள். அமைச்சரின் மைத்துனர் யாருடைய புதுச் செருப்பிலோ காலை நுழைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துப் பக்தியோடு புன்னகைத்துவிட்டு நடந்தார்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. காலவிரயத்தைத் தவிர்க்கத் தீர்ப்பை முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். ஒரு பக்கம் குற்றவாளியாக இருளப்பன் நின்றான். வேலை போன ஆத்திரத்தில் அவன்தான் ஆள் வைத்துத் திருடினான் என்று குற்றச்சாட்டு. அமைச்சரின் வலப்புறம் அதே மைத்துனர் அமர்ந்திருந்தார், அதே செருப்போடு.

"செருப்புக் காவல் அறிந்தவள் நீ. எடுத்தது யார் என்று பார்த்தாயா?" என்று வான்மணியார் கேட்டார்.

வெயிலாள் மைத்துனரின் காலைப் பார்த்தாள். மகளுக்கு வரன் பேசி முடித்திருந்த நேரம் அது. இருளப்பன் அவளைப் பார்த்தான். பயப்படாமல் பார்த்தான், அவள் சொல்லிவிடுவாள் என்ற தைரியத்தில்.

"கவனிக்கலைங்க," என்றாள் வெயிலாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். திருட்டு நிற்கும்வரை அந்தியர் ஒவ்வொருவரும் இடக்கால் செருப்பை அரசிடம் பிணையாகக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கிடங்கு நிறைய இடக்கால் செருப்புகள் குவிந்தன. யாருக்கும் பயன்படாத அந்தக் குவியலை அரசின் சாதனையாகப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டினார்கள். அந்தியர் ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் கொப்புளமுமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார்கள். திருட்டு மட்டும் நிற்கவில்லை. அது எப்படி நிற்கும்?

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்துக் கடைசியில் மனிதனைக் கடித்தது கடைசி ஆணை. "திருநகரில் நொண்டி நடப்பது அபசகுனம். ஆகவே நொண்டி நடப்போர் வெளியேறக் கடவர்."

அன்று மாலை அந்தியர் உள்ளே கண்மூடி இருந்தபோதே வீரர்கள் புகுந்து, மேற்கு வாசல் வழியாக எல்லாரையும் வெறுங்காலோடு விரட்டினார்கள். கிழக்கு வாசலில் வெயிலாள் வலக்கால் செருப்புகளின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து அலறல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சற்று நேரத்தில் செருப்புகளை அள்ளிப்போக வண்டி வந்தது. பரிசல் அளவு இருந்த ஒன்றை மட்டும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அதன் பிறகு உதயர் செழித்தார்களா என்றால், அதுவும் இல்லை. ஊரில் பொரிகடலை கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனை நம்ப முடியவில்லை. கடைசியில் ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு கும்பிடலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். வெயிலாள் இரண்டு கண்ணையும் மூடித்தான் கும்பிட்டாள். ஆனால் எதுவும் மேலே போய்ச் சேரவில்லை என்று அவளுக்குத் தெரியும். தினம் மாலையில் மண்டப வாசலில் அந்த ஒற்றைச் செருப்பின் முனையை வெளியே திருப்பி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அது அவளைத் தின்றது. ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பல ஆண்டுகள் கழித்து மேற்கு நாட்டுப் படை வந்தது. அவர்கள் அந்தியர். செங்கதிர்ச் செல்வர் முதல் வண்டியில் தப்பினார். உதயர் எல்லாரும் மூட்டை கட்டினார்கள். மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒத்தச் செருப்புக்காவா உசிர விடப்போறே? எந்திரிம்மா!"

"உரியவன் வருவான்டி. குடுத்துட்டு வந்துர்றேன். நீ பிள்ளைகளைக் கூட்டிட்டு முன்னால போ."

படைக்குப் பின்னால், விரட்டப்பட்ட அந்தியரோடு இருளப்பனும் வந்தான். தலை முழுக்க நரைத்திருந்தது. படியேறி வந்தவன் அவளைக் கண்டதும் நின்றான். அவள் செருப்பை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள்.

"கால் பத்திரம்ணே."

அவன் வலக்காலை நுழைத்தான். தோல் காய்ந்து இறுகியிருந்தும் நுழைந்தது. "காவல் தீர்ந்தது தங்கச்சி," என்றான்.

"எடுத்தது யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்ணே."

"அதுவும் எனக்குத் தெரியும்," என்றான் இருளப்பன்.

அவள் கதறி அழுதாள். அதற்குள் புதிய அரசின் தூய்மை அமைச்சர் படியில் ஏறி நின்று புதிய ஆணையைப் படிக்கத் தொடங்கியிருந்தார். பழைய ஆணையேதான். கிழக்கு இருந்த இடத்தில் மேற்கு இருந்தது. வல்லுநர் குழு மட்டும் மாறவில்லை. அந்தியர் ஒருவர் நற்சாட்சி சொன்னால் மட்டும் உதயர் ஊரில் தங்கலாம் என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

அமைச்சர் இருளப்பன் பக்கம் திரும்பினார். "விசாரணையில் நமக்காக வாய் திறக்காத காவல்காரி இவள்தானே? இத்தனை ஆண்டு உன் செருப்பைக் காத்து வைத்திருந்தாளாமே, உண்மையா? இவளுக்கு நீ சாட்சி சொல்வாயா? இவள் கையில் அதைப் பார்த்தாயா?"

செருப்பு அவன் காலில் இருந்தது. அவனுக்குப் பின்னால் அவன் கூட்டத்தார் நின்றார்கள். கொப்புளத்தோடு நடந்தவர்கள், வழியில் பிள்ளையைப் புதைத்தவர்கள். எல்லாரும் அவன் வாயையே பார்த்தார்கள். வெயிலாளும் பார்த்தாள்.

"கவனிக்கலைங்க," என்றான் இருளப்பன்.

வெயிலாளுக்குக் கோபம் வரவில்லை. அவளும் அந்த இடத்தில் நின்றவள்தானே. வீரர்கள் அவளைக் கிழக்கு வாசல் வழியாக நெட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். காவலுக்கு உட்காரும்போது கழற்றி வைத்த தன் செருப்பை எடுக்க ஒருமுறை திரும்பினாள். விடவில்லை.

கூட்டம் உள்ளே போனது. இருளப்பன் போகவில்லை. குனிந்து அந்தச் சின்னச் செருப்புகளின் முனையை வெளிப்பக்கம் திருப்பி வைத்தான். பிறகு தன் காலில் இருந்ததைக் கழற்றிவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தான்.

"இருளப்பா, நேரமாச்சு! கும்பிட வரலியா?" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"ஒரு ஜோடி பாக்கி இருக்கு," என்றான் அவன்.